சாம்பல் தொட்ட இழை

கூரத்து ராமலிங்கத்தின் டிராக்டர் வந்து நின்றபோது வள்ளி தறியில் இருந்தாள். பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் டிராக்டர் நுழைந்தால் சந்தே எட்டிப் பார்க்கும், அவளும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். டிரெய்லரில் இரண்டு சாக்கு மூட்டைகள் கிடந்தன. கூட வந்த ஆள் பெரிய மூட்டையை முக்கி முனகித் தூக்கி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை வாசலில் இறக்கினான். சாக்கு வாய் நழுவியது. உள்ளே இருந்தது இன்னதென்று தெரிந்ததும் அவள் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாது என்று, காற்றையும் பெட்ரோல் ஆவியையும் சேர்த்து அடித்து உள்ளே திணிக்கிற சாமான் அது. வெள்ளைக்காரன் புத்தகத்தில் சூப்பர்சார்ஜர் என்று போட்டிருக்கும். அவள் புருஷன் வீரபாகு வாயில் அது எப்போதும் ப்ளோயர்தான். சின்ன மூட்டைக்குள் இருந்தது பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருகிற, அதனோடு சேர்ந்த கார்புரேட்டர். இரண்டையும் வள்ளி கடைசியாகப் பார்த்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினேழு வருஷத்தில் அவற்றை நினைக்காமல் அவள் படுத்த நாட்கள் கொஞ்சம்தான்.

"வாங்க சின்னவரே," என்று கொட்டகைக்குள் இருந்த வீரபாகு எழுந்தார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

ராமலிங்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். நிலபுலம் உள்ள குடும்பம்; இப்போது கட்சியிலும் ஏதோ பொறுப்பு. செத்துப்போன அண்ணன் துரைக்கண்ணுவைப் பெரியவர் என்றும் இவரைச் சின்னவர் என்றும் சொல்லிப் பழகிய வாய்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

"மேஸ்திரி, மெட்ராஸ்ல ஒருத்தரு பழைய காரா தேடித் தேடி வாங்கிக்கினு இருக்காராம். எங்க மாட்டுக் கொட்டாயில கெடக்குதே, அந்தப் பச்சை வண்டி, அத்தக் கேக்குறாரு. ஓடினாத்தான் எடுப்பாராம். இன்ஜினைப் பாத்துக்க அவங்ககிட்ட ஆளு இருக்குது. இந்த ரெண்டும் யாருக்கும் புரியலியாம். அன்னிக்கி மாட்டினது நீங்கதானே?"

"நான்தான்."

"அதான் கொண்டாந்தேன். வண்டி மேல இன்னாபா தப்பு? ஓட்டினவன் குடிச்சிட்டு ஓட்டினா வண்டி இன்னா பண்ணும்?" ராமலிங்கம் இதை நெடுநாள் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னார். "புளியமரத்தாண்ட எங்கண்ணன ரெண்டு கையால தூக்கினவன் நான். சட்டை பூரா ஸ்பிரிட்டு வாடை. மரத்துக்கு அடிக்கிற பிரெஞ்சு பாலிஷ் வாங்கிக் குடிச்சி செத்தானுங்களே அந்தக் காலத்துல, அதே வாடை. இப்போ கவர்மெண்டே சாராயக்கடை தொறந்துடுச்சு. அன்னிக்கி அது எவ்ளோ பெரிய அவமானம்! எங்கப்பா அதுக்கப்புறம் தெருவுல தல நிமிந்து நடக்கல."

வள்ளி புருஷனைப் பார்த்தாள். வீரபாகுவும் ஜன்னல் பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். துரைக்கண்ணு குடித்திருந்தார் என்று ஊர் பேசியது இருவருக்கும் தெரியும். எதை வைத்துப் பேசியது என்பது இந்த நிமிஷம்தான் தெரிந்தது. அந்த வாடை எங்கிருந்து வந்தது என்பதும் இருவருக்கும் தெரியும். டிராக்டர் பின்னுக்கு நகர்ந்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை இடிக்கப் பார்த்து, வசவு வாங்கிக்கொண்டு போயிற்று.

*

அது ஐம்பத்து நாலாம் வருஷம் கார்த்திகை மாதம். வீரபாகு அப்போது கார் மேஸ்திரி. நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறிக்குழியில் கால் வைக்கப் பிடிக்காமல் பஸ் கம்பெனிப் பட்டறைக்கு ஓடி, தொழில் கற்றுக்கொண்டு தனிக் கொட்டகை போட்டவர். துரைக்கண்ணு அந்தப் பச்சை வண்டியை ஊருக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியிருந்தார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாம் பேரை ஏற்றினால் மடியில்தான் உட்கார வேண்டும். ப்ளோயரில் காற்று ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்துச் சரிசெய்யும் வேலைதான் வீரபாகுவிடம் வந்தது.

ப்ளோயருக்குள் எட்டு வடிவத்தில் இரண்டு ரோட்டர்கள், ஒன்றையொன்று தொடாமல் சுற்றும். ரோட்டர் முனைக்கும் பின்மூடிக்கும் நடுவே தலைமுடி பருமனுக்கு இடைவெளி. கசிவை அடைக்கக் காகித கேஸ்கட் வைத்தால் இடைவெளி கூடிவிடும். அதனால் மூடியின் விளிம்பில் அரக்கைப் பூசி, அது காயும்முன் ஒற்றைப் பட்டு இழையைச் சுற்றி வைத்து இறுக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. உலகத்தில் எந்த ஊர் மேஸ்திரி இதைப் படித்துவிட்டு முழித்தாலும் காஞ்சிபுரத்து மேஸ்திரி முழிக்க வேண்டியதில்லை. "வள்ளி!" என்று ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான்.

அன்று அமாவாசை, தறிக்கு விடுமுறை. அவள் கச்சாப் பட்டு நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். வீரபாகுவின் விரல்கள் அரம் மாதிரி. பட்டு இழை அதில் சிக்கிக்கொள்ளும். ஆகவே இழை வைக்கும் வேலை அவளுடையது.

"ஒத்தை இழை வள்ளி. முடிச்சு இருந்தாலும் போச்சு, தூசி இருந்தாலும் போச்சு," என்றார் அவர். அரக்கைப் பூசிக் கொடுத்துவிட்டு ஸ்பானர் தேட உள்ளே போனார்.

முக்கால் சுற்று வந்ததும் இழை அறுந்தது. இன்னொரு இழையை முதலிலிருந்து வைக்கலாம் என்றால் அரக்கு இறுகிக்கொண்டிருந்தது. வள்ளி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையை இழை இழையாகச் சேர்த்து முறுக்கி இணைப்பதுதான் பாவு பிணைப்பது. வழுக்காமல் இருக்க விரல் நுனியால் அடுப்புச் சாம்பலை ஒரு தொடு தொட்டுக்கொள்வார்கள். ஒரு பாவுக்கு ஐயாயிரம் இழை பிணைப்பாள் அவள். பிணைத்த இடத்தை அவளாலேயே திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அறுந்த இரண்டு முனைகளையும் பிரித்துச் சேர்த்து, சுவரோரம் ஈயம் உருக்குகிற அடுப்பில் கிடந்த சாம்பலைத் தொட்டு, ஒரு முறுக்கு. இழை ஒன்றாகிவிட்டது. சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பாவு பிணைத்துப் பழகியவளுக்குப் பிணைத்த இழையும் ஒற்றை இழைதானே.

மறுநாள் காலை, ப்ளோயரை வண்டியில் பூட்டி முடித்ததும் துரைக்கண்ணு வந்தார். மூடி இடுக்கில் பிதுங்கியிருந்த அரக்கைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று தொட்டுக் கையெல்லாம் ஒட்டிக்கொண்டார். கழுவச் சொல்லி வீரபாகு ஸ்பிரிட் பாட்டிலைக் கொடுத்தார். பாட்டில் மூடியைத் துரைக்கண்ணு திருகிய வேகத்தில் பாதி ஸ்பிரிட் அவர் சட்டையில் கொட்டிற்று. "வாசனை தூக்குதுபா!" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் வள்ளியின் காதில் இருக்கிறது. ஈரச் சட்டையோடு வண்டியில் ஏறி, ஓச்சேரி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், திருப்புட்குழிக்குச் சற்று முன்னால், போகிற வேகத்திலேயே பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி புளியமரத்தில் மோதியது. ஆள் அங்கேயே முடிந்துபோனார்.

வீரபாகு சைக்கிளில் ஓடினார். கூட்டம் பிணத்தைச் சுற்றி நின்றபோது அவர் மட்டும் ப்ளோயரின் அச்சைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. உள்ளே பூட்டிக்கொண்டு இன்ஜினையே நிறுத்தியிருக்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்: "இடைவெளி கம்மியா வெச்சிட்டேன் வள்ளி. ரோட்டர் போயி மூடியில உக்காந்துடுச்சு. நான்தான் கொன்னேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சாம்பல் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. இரும்புக்குச் சாம்பல் என்றால் பொடி மணல்தான். அது அச்சு சுழலுகிற பேரிங்கில் விழுந்தால் என்ன ஆகும் என்று மேஸ்திரி பெண்டாட்டிக்குத் தெரியாதா? ஆனால் பயந்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை என்பது சௌகரியமான நாள், எத்தனை தடவை தள்ளினாலும் கோபித்துக்கொள்ளாது. இதற்குள் ஊர் தனக்கு வேண்டிய காரணத்தைத் தானே தைத்துக்கொண்டது. குடித்துவிட்டு ஓட்டினான் என்றார்கள். இல்லை என்று சொல்வதானால் மற்றதையும் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவரும் அவரவர் காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டார்கள்.

அதன்பிறகு வீரபாகு கார் தொட்டதில்லை. கிணற்றடி பம்பு செட்டு, அரிசி ஆலை மோட்டார், இவைதான் தொழில். நின்ற இடத்தில் நின்று ஓடுகிறவை; ஆளை ஏற்றிக்கொண்டு போகாதவை.

*

டிராக்டர் வந்துபோன பிறகு கார்புரேட்டரைச் சரிசெய்யவே எட்டு நாள் ஆயிற்று. வீரபாகு ஒரு வேலையை ஒருமுறை செய்து திருப்திப்படுகிற மனிதர் இல்லை. குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிர்த்திப் பார்த்து, மறுபடியும் கவிழ்ப்பார். கல்யாணமான புதிதில் வள்ளிக்கு இது சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, இப்போது இரண்டும் இல்லை.

பழைய பெட்ரோல் உள்ளே காய்ந்து பிசினாகக் கெட்டிப்பட்டிருந்தது. சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில் பாகங்களை ஊறப் போட்டார். பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினார். ஒரு மூலையிலிருந்து குமிழி வந்தது. அந்த இடத்தில் ஈயப்பற்று வைத்து, மறுபடி அமிழ்த்தி, குமிழி நின்றதைப் பார்த்து, நம்பாமல் இன்னொரு தரம் அமிழ்த்தினார். பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மட்டும் கம்பியால் குத்தவில்லை. குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் பெட்ரோல் அளவு நிற்காது. வாயால் ஊதி ஊதியே அடைப்பை எடுத்தார். தேய்ந்துபோன அச்சுக்குப் பதிலாக லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினார். எல்லாவற்றையும் பூட்டி, உள்ளிருக்கும் பிஸ்டனை விரலால் மேலே தள்ளி விட்டார். அது தடையில்லாமல் வழுக்கி இறங்கி 'டக்' என்று உட்கார்ந்தது. நல்ல வேலைக்கு அதுதான் அடையாளம். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அவர் முகம் மலரும். அன்று மலரவில்லை.

ப்ளோயர் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. தினமும் நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விடுவார், அதோடு சரி.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு, "நாளைக்கி தொறந்துடறேன்," என்றார். "தொறந்து இன்னா? தெரிஞ்சதுதானே. ரோட்டர் மூடியில தேச்சிக்கினு நிக்கும். என் கையெழுத்து மாதிரி தெரியும்."

வள்ளிக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எழுபது வயசுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இல்லீங்க," என்றாள்.

"இன்னா இல்ல?"

"நான்தான். இழை அறுந்துபோச்சு. நீங்க உள்ள போயிருந்தீங்க. நான் பிணைச்சிட்டேன். சாம்பல் தொட்டுப் பிணைச்சேன்."

அடி விழும் என்று நினைத்தாள். ஒரு தரமும் கை ஓங்காத மனிதர்தான், இருந்தாலும் நினைத்தாள்.

"எந்தப் பக்கம்?"

"எது?"

"இழை அறுந்தது. மேல் பக்கமா, பேரிங் இருக்கிற கீழ்ப் பக்கமா?"

"கீழ்ப் பக்கம்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பிறகு தள்ளிவைத்த தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். மோர் கேட்டார். மோர் சோற்றுக்கு இன்னொரு கரண்டி கேட்டார். "இத்தினி வருஷமா…" என்று ஒருமுறை ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சாயங்காலம் தெருக்கோடி வரை நடந்துபோய் யாரோடோ பேசிவிட்டு வந்தார். மறுநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டே ஏதோ பாட்டை மூக்கால் முனகினார். அந்த மூக்குப் பாட்டைக் கேட்டுப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

வள்ளிக்கு ஆத்திரமாக வந்தது. சுமையை இறக்கி வைத்தவர் அது யார் தலையில் ஏறியது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் முனகிக்கொண்டேதான் இருந்தார். கேட்கக் கேட்க அவளுக்கு ஆத்திரம் போய் வேறு ஒன்று வந்தது. போகட்டும், இந்த மனுஷன் இனிமேலாவது நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தாள். அவளுக்கே ஆச்சரியமாக, அதை மனப்பூர்வமாகவே நினைத்தாள்.

*

"நீயும் வா," என்றார் வீரபாகு.

ப்ளோயரை மேசைமேல் பழந்துணி விரித்து வைத்திருந்தார். மூடி விளிம்பில் அரக்கு கல்லாக இறுகிக் கிடந்தது. சூடு காட்டினால் சுலபமாகக் கழன்றுவிடும். ஆனால் அரக்கு இளகி, உள்ளே இருப்பது இருந்தபடி தெரியாமல் போய்விடும். ஆகவே மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு மணி நேரம் தட்டியிருப்பார். 'கிரீச்' என்று ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. மூடியை இரு கையாலும் ஏந்தி எடுத்து மல்லாத்தி வைத்தார்.

இழை அப்படியே இருந்தது. அரக்கு நிறம் ஏறிப் பழுப்பாக, மூடியைச் சுற்றி ஒரே வளையமாக. வள்ளி குனிந்து கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். எங்கே பிணைத்தோம் என்று கண் தேடியது. கண்டுபிடிக்க வீரபாகுவின் லென்ஸ் வேண்டியிருந்தது. முறுக்கு பிரியவில்லை, மேடு தட்டவில்லை. சாம்பல் ஒரு துளி நகர்ந்திருந்தால் இடம் கறுத்திருக்கும். அதுவும் இல்லை. அவள் செய்த வேலை, அவள் பிணைத்த மற்ற எல்லாப் பாவுகளையும் போல நல்ல வேலையாகத்தான் இருந்தது.

வீரபாகு மூடியின் உட்புறத்தை விரலால் தடவினார். கண்ணாடி மாதிரி இருந்தது. ரோட்டர் எங்கும் தேய்க்கவில்லை. அவர் வைத்த இடைவெளியும் சரிதான்.

"அப்போ எதுதான்?" என்றாள் வள்ளி. அவளை அறியாமல் குரலில் ஒரு நிம்மதி வந்திருந்தது.

அவர் பதில் சொல்லாமல் பின் பேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நீலம் பாரித்து, உருகி அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடிய பேரிங் அப்படித்தான் ஆகும். அந்தப் பேரிங்குக்கு எண்ணெய் மூடி வழியாக வர வேண்டும். விளிம்பில் அதற்கென்று ஒரு சின்னத் துளை உண்டு. வீரபாகு மூடியை எடுத்து, எண்ணெய்க் குழாய் மாட்டும் வாயில் உதட்டை வைத்து ஊதினார். காற்று போகவில்லை. இன்னொரு தரம் ஊதினார். ஊசியை எடுத்து மறுமுனைத் துளையில் நெம்பினார். துவரம்பருப்பில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஒன்று உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. கெட்டிப்பட்ட அரக்கு.

"ரெண்டாவது கை," என்றார் வீரபாகு.

வள்ளிக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி மழைக்காத்து. பூசின அரக்கு ஈரத்துல வெளுத்துப்போச்சு. பிடிக்காதோன்னு சந்தேகம் வந்துச்சு. நீ இழை வெச்சிட்டுப் போனப்புறம் மேல இன்னொரு கை பூசினேன். அது எண்ணெய்த் தொளையில எறங்கிடுச்சு." உள்ளங்கையை அவளிடம் நீட்டினார். "ஒரு கையோட நிறுத்தத் தெரியல எனக்கு."

ஒருநாள், ஒரே ஒரு நாள் அந்த மனிதர் சுமையில்லாமல் இருந்தார். இப்போது அது திரும்பி வந்து அவர்மேலேயே உட்கார்ந்ததை வள்ளி கண்ணால் பார்த்தாள். அவர் தோள் இறங்கியது. தான் நிரபராதி என்று தெரிந்த அதே நிமிஷம் வள்ளிக்கு அது வேண்டாமென்று ஆகிவிட்டது.

அவள் கை தானாக நீண்டது. பிணைத்த இடத்தில் நகத்தைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் போதும், இழை பிய்ந்துவிடும். வீரபாகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுங்க. என் இழையாலதான்னு சொல்லிடுவோம். பொம்பள தெரியாம பண்ணிட்டானு போய்டும்."

"வேணாம் வள்ளி. அது நல்ல இழை. நல்லா பிணைச்சிருக்கே. அத்தப் போயி பிய்க்காத."

அவர் பிடியை விடவில்லை. அடுத்த வீட்டில் நெசவு நடந்துகொண்டிருந்தது. பலகை அடிக்கிற சத்தம் விட்டு விட்டு வந்தது.

பிறகு வீரபாகு ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கழுவிட்டு, புது பேரிங் போட்டா ஓடிடும். சின்னவருக்கு வண்டி ஓடினா போதும். அவரு ஒண்ணியும் கேக்கல."

வள்ளிக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. வந்ததும் கூடவே சாக்கு மூட்டையின் பக்கத்தில் நின்று ராமலிங்கம் பேசிய பேச்சும் வந்தது. ஈரச் சட்டையோடு சிரித்துக்கொண்டு போன மனிதர்மேல் இவர்கள் வீட்டு ஸ்பிரிட் வாடை பதினேழு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறது.

"அப்போ பெரியவரு குடிகாரராவே இருந்துட்டுப் போவட்டுமா?" என்றாள்.

வீரபாகு நிமிர்ந்து பார்த்தார். எழுந்து, உடைந்த அரக்கைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூடியை இழையோடு ஒரு துண்டில் சுற்றினார்.

*

கூரத்துக்கு அடுத்த பஸ்ஸிலேயே போனார்கள். ராமலிங்கம் களத்து மேட்டில் கீற்றுப் பந்தலுக்கடியில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும், "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார் சந்தோஷமாக.

"தனியா பேசணும் சின்னவரே."

மற்றவர்கள் எழுந்து போனார்கள். வீரபாகு துண்டைப் பிரித்து மூடியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தார். எண்ணெய்த் துளையைக் காட்டினார், பையிலிருந்த அரக்கைக் காட்டினார். ஒன்றையும் விடாமல், ஒன்றையும் குறைத்துச் சொல்லாமல் சொன்னார். இத்தனை வருஷமும் தானே காரணம் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னார். ஸ்பிரிட் பாட்டில் கொட்டியதை மட்டும் வள்ளி சொன்னாள். "சட்டையில கொட்டிக்கினு அப்படியே போனாரு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அந்த வாடை எங்க வூட்டு வாடைங்க," என்றாள்.

ராமலிங்கம் கத்துவார், ஆட்களைக் கூப்பிடுவார், கை நீட்டுவார் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் இருவரும் வந்திருந்தார்கள். நீட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"அப்போ எங்கண்ணன் குடிக்கலியா?" என்றார்.

"இல்லபா," என்றார் வீரபாகு. சின்னவர் என்பது மறந்துவிட்டது.

ராமலிங்கம் கட்டிலில் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை பட்டதை அவர் கவனிக்கவில்லை.

"நான்தான் மோந்து பாத்தேன். நான்தான் அப்பாகிட்ட போயி சொன்னேன்," என்றார். "குடிச்சிட்டு செத்தவனுக்கு ஒண்ணும் செய்யக்கூடாதுன்னுட்டாரு அவரு. படம் மாட்டல. வருஷத்துக்கு ஒரு படையல் போடல. அவரு போனப்புறம் நான் செஞ்சிருக்கலாம். செய்யல. எனக்கும் கோவம். மானத்த வாங்கிட்டானேன்னு கோவம்." வீரபாகுவை ஏறிட்டுப் பார்த்தார். "பதினேழு வருஷம் மேஸ்திரி. ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாமே?"

பயமாக இருந்தது என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வள்ளிக்கு வாய் வரவில்லை.

ராமலிங்கம் மெதுவாக, கேட்கக் கூச்சப்படுகிறவர் மாதிரி கேட்டார்:

"அவன் போன நாளு எது? மழைக்காலம்னு தெரியும். நாளு எனக்கு ஞாபகம் இல்ல. வூட்டுல யாரும் சொல்றதில்ல."

"கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள்," என்றாள் வள்ளி. அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்கியதில்லை. "இந்த வருஷத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது."

"பன்னெண்டு நாள்," என்று ராமலிங்கம் விரல் மடக்கிப் பார்த்தார். இவர்கள் பக்கம் திரும்பாமலே, "படையலுக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து நிக்கணும்," என்றார்.

"வரோம்," என்றாள் வள்ளி.